கல்லும் நெகிழியும்

மண்சுவர் எழுப்புவோர் மண்ணை மட்டும் குழைத்துச் சுவர் வைப்பதில்லை. வைக்கோலை நறுக்கிச் சேற்றிலிட்டு, நன்கு மிதித்துக் குழைத்த பின்னரே சுவர் வைப்பர். வெறுஞ்சேறு காயும்போது வெடிக்கும். வைக்கோல் கலந்த சேறு அவ்வாறு வெடிப்பதில்லை. வைக்கோல் தனித்து நின்று சுவராகாது. சேறு தனித்து நின்று நெடுநாள் நிலைக்காது. இரண்டும் கூடியவிடத்து, தனித்தனியே அவற்றுள் இல்லாத ஓர் ஆற்றல் பிறக்கின்றது. இவ்வாறு ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பி ஆக்கப்படுவதைக் கலவைப்பொருள் என்பர். இக்காலத்து வீடுகளிலும் ஊர்திகளிலும் காணப்படும் நெகிழிப் பொருள்களுட் பல இவ்வகையினவே. ஆனால், அவற்றுட் கலந்திருப்பது வைக்கோலன்று, கல்!

பிளாஸ்டிக்கு என்பதையே தமிழில் நெகிழி என வழங்குகின்றோம். ‘உருக்கொடுக்கத் தக்கது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் பிளாஸ்டிக்கு என்னும் பெயர் தோன்றியது. சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாக அமைவதே நெகிழி. அச்சங்கிலிகளைப் பலபடிகள் என்பர் வேதியியலார். பாலிபுரொப்பிலீன், நைலான் போன்றவற்றில் இச்சங்கிலிகள் சிறிது அசையவும் நழுவவும் வல்லன. அதனாலேயே இவ்வகை நெகிழி எளிதில் உருவேற்கின்றது. கீழே விழுந்தாலும் உடையாது தப்புகின்றது. அதே காரணத்தால்தான் அது சுமையின்கீழ் வளைகின்றது, வெப்பத்தில் விரிகின்றது, மேலும் சுட்டால் தளர்கின்றது. கல்லோ இதற்கு நேர்மாறானது. அது வளையாது, வெப்பத்தில் மிகுதியாக விரியாது, ஆனால் உடையும். நினைத்த உருவில் அதனை வார்த்தெடுத்தலும் எளிதன்று. நெகிழியின் குறைகள் யாவையோ அவையே கல்லின் நிறைகள்; கல்லின் குறைகள் யாவையோ அவையே நெகிழியின் நிறைகள். ஆதலின் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் அறிஞர்க்கு எழுந்தது இயல்பே.

இக்கூட்டுறவு நேற்றுத் தோன்றியதன்று. பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த கெண்ட் நகரில் 1863-ஆம் ஆண்டில் பிறந்து, பின்னர் அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்டு என்பார் சிறந்த வேதியியல் அறிஞர். அந்நாளில் மின்கருவிகளுக்குக் காப்புப் பொருளாக அரக்குப் பெரிதும் பயன்பட்டது. அரக்கு, மரக்கிளைகளில் வாழும் நுண்பூச்சிகள் சுரப்பது. இந்தியா முதலிய கீழை நாடுகளிலிருந்தே மேலை நாட்டினர் அதனைப் பெற்றுவந்தனர். மின்தொழில் வளர வளர, அரக்கு போதாதாயிற்று. பீனால், பார்மால்டிகைடு என்னும் இரண்டையும் கூட்டினால் பிசின் போன்ற பொருள் உண்டாவதை 1872-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் பேயர் கண்டிருந்தார். குடுவையில் ஒட்டிக்கொண்டு போகாத அதனைப் பலரும் தொல்லையெனத் தள்ளினர். பேக்லண்டு அதனைத் தள்ளவில்லை. வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளவறிந்து செலுத்தி, 1907-ஆம் ஆண்டில் அதிலிருந்து புதிய நெகிழியொன்றை ஆக்கினார். 1909-ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியற் கழகத்தார் முன்னிலையில் அதனை வெளியிட்டார். பேக்கலைட்டு என்பது அவர் பெயரால் அதற்கு அமைந்த பெயர்.

பேக்கலைட்டின் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இறுகியவை. அது பின்னர் வெப்பத்தால் உருகாது, மின்சாரத்தையும் கடத்தாது. ஆயினும் அஃது ஒரு பெருங்குறை உடையது. தனித்த பிசின் இறுகியபின் தட்டினால் உடைந்துவிடும். ஆகவே அச்சிலிடுமுன் அதனோடு மரத்தூளைக் கலந்தனர். மின்காப்பு மிகுதியும் வேண்டியவிடத்துக் காக்காய்ப்பொன் எனப்படும் அப்பிரகத் தூளையும், கடுவெப்பம் தாங்கவேண்டியவிடத்துக் கல்நாரையும் கலந்தனர். பழைய தொலைபேசிகளும், மின்விசைப் பொத்தான்களும் நெடுங்காலம் உழைத்தமைக்கு அவற்றுள் மறைந்திருந்த இத்துணைப்பொருள்களும் காரணமாம். இவற்றை நிரப்புபொருள்கள் என்பர். இடத்தை நிரப்பி விலையைக் குறைப்பதற்காக மட்டும் இவை சேர்க்கப்படுவன என்று எண்ணுதல் பொருந்தாது. கலவையின் பண்பையே மாற்றவல்லவை இவை.

அப்பண்புகளை அறிவதற்கு முன், சொற்பொருளைத் தெளிதல் வேண்டும். பேச்சுவழக்கில் ‘உறுதி’ என்னும் ஒரு சொல்லே பல தன்மைகளுக்கும் வழங்குகின்றது. பொருள்களை ஆராய்வார்க்கு அது போதாது. சுமை ஏற்றியபோது வளையாதும் நீளாதும் நிற்கும் தன்மை விறைப்பு. எவ்வளவு சுமை வரையில் அறாது நிற்கும் என்பது வலிமை. திடீரென அடிபடும்போது உடையாமல் அவ்வடியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் தன்மை தாங்குதிறன். கண்ணாடித் தண்டு எளிதில் வளையாது. ஆனால் தரையில் விழுந்தால் நொறுங்கும். அதற்கு விறைப்பு உண்டு, தாங்குதிறன் இல்லை. தேர்வடம் பேரிழுப்பைத் தாங்கும். ஆயினும் அதனைக் கோல்போல் நிறுத்த இயலாது. அதற்கு வலிமை உண்டு, விறைப்பு இல்லை. இம்மூன்றும் ஒன்றல்ல, ஒன்று மிகும்போது மற்றொன்று குறைதலும் உண்டு. இவ்வேறுபாட்டை உணராதவர் கலவைப்பொருளைப் பற்றிக் கூறப்படும் எதனையும் சரியாக உணர முடியாது.

இதனை விளக்கப் பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழி நல்ல சான்றாகும். இத்தாலிய அறிஞர் ஜூலியோ நாட்டா, சங்கிலிகள் ஒழுங்குற அமைந்த பாலிபுரொப்பிலீனை 1954-ஆம் ஆண்டில் ஆக்கினார். இத்தகைய பலபடிகளை ஆக்கும் முறைகளுக்காக, ஜெர்மானிய அறிஞர் கார்ல் சீக்லரோடு 1963-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். நாற்காலி, மருந்தூசிக் குழல், மகிழுந்தின் உட்பகுதி எனப் பலவற்றிலும் இன்று இந்நெகிழி உள்ளது. இதனோடு பெரிதும் கலக்கப்படுவது மாக்கல் தூள். தமிழ்நாட்டுச் சமையலறைகளில் வழங்கும் கல்சட்டி மாக்கல்லாற் செய்யப்படுவதே. நகத்தாற் கீறினாலும் கீறுபடும் அளவிற்கு அது மென்மையானது. அத்தகைய மென்கல் நெகிழிக்கு விறைப்பூட்டுவது வியப்பாகத் தோன்றலாம். கீறுபடுதல் வேறு, வளைதல் வேறு என்பதனை இங்கும் மறத்தலாகாது.

எடைக்கு நூற்றில் 40 பங்கு மாக்கல் தூள் கலந்தால், பாலிபுரொப்பிலீனின் விறைப்பு ஏறத்தாழ இருமடங்காகின்றது. கலவையின் எடையும் கூடுகின்றது. தனிப் பாலிபுரொப்பிலீன் நீரில் மிதக்கும், இக்கலவை மூழ்கிவிடும். எடையில் 40 பங்கு என்றாலும், கல் நெகிழியினும் மும்மடங்கு அடர்த்தி உடையதாதலின், இடத்தளவில் அது நூற்றில் 18 பங்கே ஆகும். அவ்வளவு சிறிய இடத்தைக் கொண்டே அது இவ்வளவு மாற்றத்தைச் செய்கின்றது. ஆயினும் இந்நன்மை விலையின்றிக் கிடைப்பதன்று. தனி நெகிழியை இழுத்தால் தன் நீளத்தினும் பன்மடங்கு நீண்டே அறும். கலவையோ சிறிது நீண்ட அளவிலேயே அறுந்துபோகும். தாங்குதிறனும் குறைகின்றது. ஆகவே, மோதலைத் தாங்கவேண்டிய மகிழுந்தின் முன்தாங்கி போன்ற உறுப்புகளில், விறைப்பிற்கு மாக்கல்லும் தாங்குதிறனுக்கு இரப்பரும் ஆக இரண்டையும் சேர்ப்பர். ஒரு நன்மையைப் பெறும்போது இழப்பது யாது என வினவுதலே இக்கலையின் முதற்பாடமாகும்.

சேர்க்கும் அளவைப் போலவே, சேர்க்கும் துகளின் வடிவமும் இன்றியமையாதது. மாக்கல் அரைபடும்போது மெல்லிய தகடு தகடாகப் பிரிகின்றது. சுண்ணக்கல்லோ மணிமணியாகப் பொடிபடுகின்றது. சுமை முதலில் நெகிழியையே பற்றுகின்றது. பின்னர் நெகிழியும் கல்லும் தொட்டுநிற்கும் பரப்பின் வழியாகக் கல்லுக்கு மாறுகின்றது. நீண்ட தகட்டில் அப்பரப்பு நெடுகவும் சுமை சிறிது சிறிதாக ஏறி, தகடு அதனைத் தாங்கிக்கொள்கின்றது. உருண்டைத் துகளில் அவ்வாறு ஏறுதற்கு இடமில்லை. சேற்றில் வைக்கோலுக்குப் பதிலாகக் கூழாங்கல்லைக் கலந்தவன் சுவர் வெடிப்பைத் தடுக்க இயலாது, அதுபோன்றதே இதுவும். ஆனால் மணித்துகளை இகழ்தலும் கூடாது. மிக நுண்ணிதாக அரைத்து நன்கு பரவச் செய்த சுண்ணக்கல் துகள்கள், அடிபட்டபோது நெகிழியினின்றும் சற்றே விலக, சுற்றியுள்ள நெகிழி இழுபட்டு அவ்வடியை வாங்கிக்கொள்கின்றது. அங்ஙனம் அமைந்தவழித் தாங்குதிறன் கூடுவதும் உண்டு.

மூன்றாவதாக வேண்டுவது நட்பு. பெரும்பாலான கற்பொடிகளின் மேற்பரப்பு நீரை விரும்புவது. நெகிழியோ எண்ணெயின் இனத்தது. ஆதலின் அவை எளிதில் இணங்குவதில்லை. கற்பொடி நெகிழியினுள்ளே பரவாமல் தன்னினத்தோடு திரண்டு கட்டியாகிவிடும். அக்கட்டியிருக்கும் இடமே பின்னர் விரிசல் தொடங்கும் இடமாகும். இதனைப் போக்கச் சுண்ணக்கல் துகளின்மேல் ஸ்டியரிக் அமிலத்தை மெல்லிதாகப் பூசுவர். அதன் தலை கல்லைப் பற்றும். வால் நெகிழியோடு இணங்கும். இருவேறு மொழியினர்க்கிடையே இருமொழியும் அறிந்தவன் நின்று உதவுவதனை ஒப்பது இது. இப்பூச்சுத் துகளை நன்கு பரவச் செய்யும். ஆனால் இறுகக் கட்டாது. கண்ணாடி நாருக்கும் மணற்சத்துக்கும் சிலேன் என்னும் பொருளைப் பூசுவர். நெகிழிக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுத்தால், அது இருபுறமும் உண்மையான பிணைப்பையே உண்டாக்கவல்லது. பிணைப்பு இல்லாதவிடத்து விறைப்பு மட்டுமே கூடும். பிணைப்பு உள்ளவிடத்து வலிமையும் உடன் கூடும்.

இனி, வெப்பத்தின் முன் இக்கலவை எவ்வாறு நிற்கின்றது எனக் காண்போம். ஒரு மீட்டர் நீளமுள்ள பாலிபுரொப்பிலீன் சட்டத்தின் வெப்பநிலை 50 பாகை உயர்ந்தால், அது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். அதேயளவு எஃகுச் சட்டம் நீள்வது 1 மில்லிமீட்டருக்கும் குறைவே. எஃகோடு பொருத்திய நெகிழிப் பலகை வெயிலில் நெளிவதற்கும் பிதுங்குவதற்கும் காரணம் இவ்வேறுபாடேயாகும். மாக்கல் கலந்த சட்டத்தில் அந்நீட்சி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவிற்குக் குறைகின்றது. மிகுதியாக விரியாத கல், விரிய முயலும் நெகிழியைப் பிடித்து நிறுத்துகின்றது. மேலும், கல் நெகிழியைவிட நன்கு வெப்பத்தைக் கடத்துவதால், அச்சிலிட்ட பொருள் விரைவில் ஆறுகின்றது. ஆறும்போது சுருங்குதலும் குறைகின்றது.

நெகிழி எந்த வெப்பநிலையில் தளர்கின்றது என்பதனை அறிய ஒரு சோதனை உண்டு. சிறு சட்டமொன்றை இரு முனைகளிலும் தாங்கி, நடுவில் குறித்த சுமையை ஏற்றி, எண்ணெயில் அமிழ்த்தி, நிமிடத்திற்கு 2 பாகை வீதம் சூடேற்றுவர். சட்டம் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் வளையும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்வர். 1980-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஜப்பான் நாட்டு டொயோட்டா ஆராய்ச்சிக்கூடத்தார், நைலானோடு மாண்ட்மோரிலோனைட்டு என்னும் களிமண்ணைக் கலந்தனர். பிரான்சு நாட்டிலுள்ள மாண்ட்மோரில்லோன் என்னும் ஊரின் பெயரால் அமைந்தது அக்களிமண்ணின் பெயர். ஏட்டுச்சுவடியின் ஓலைகள் போல அதன் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியுள்ளன. ஒவ்வொரு தகட்டின் கனமும் ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கியதில் ஒரு கூறே. ஆராய்ச்சியாளர் அத்தகடுகளுக்கிடையே நைலானின் மூலக்கூறுகளைப் புகுத்தி, அங்கேயே சங்கிலிகளாக வளரச் செய்தனர். வளர்ந்த சங்கிலிகள் ஓலைகளைத் தனித்தனியே விலக்கிப் பரப்பின.

எடைக்கு நூற்றில் 5 பங்கும் நிரம்பாத அக்களிமண், நைலானின் விறைப்பை ஏறத்தாழ இருமடங்காக்கியது. மேற்கூறிய சோதனையில், தனி நைலான் 65 பாகை செல்சியஸ் அளவில் வளைந்தது. கலவையோ 145 பாகை அளவு வரை நின்றது. இங்கு ஒன்று கருதத்தக்கது. நைலான் உருகும் வெப்பநிலை பெரிதும் மாறிவிடவில்லை. உருகுவதற்கு முன் தளராது நிற்கும் ஆற்றலே உயர்ந்தது. 40 பங்கு மாக்கல் செய்யும் வேலையை 5 பங்கு களிமண் செய்ததற்குக் காரணம், அஃது எண்ணற்ற மெல்லிய தகடுகளாகப் பிரிந்து, நெகிழியைத் தொடும் பரப்பு மிகப் பெருகியமையேயாகும்.

தீயின் முன்னும் கற்பொடி காவலாகின்றது. அலுமினியம் ஐதராக்சைடு என்னும் வெண்பொடி, 200 பாகைக்கு மேல் சூடேறும்போது சிதைந்து, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நீராவியாக வெளிவிடுகின்றது. அச்சிதைவு வெப்பத்தை உறிஞ்சுகின்றது; ஆவி, எரியும் வளிகளின் செறிவைக் குறைக்கின்றது. சுரங்கப்பாதைகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் செல்லும் மின்கம்பிகளின் உறையில் இதனைக் கலப்பர். பயன் விளைய வேண்டுமாயின், எடையில் பாதிக்கு மேலும் சேர்க்க நேரிடும். அப்போது உறை கனக்கும், நெகிழ்வும் குறையும். இங்கும் நன்மைக்கு ஒரு விலை உண்டு.

இதுவரை கூறிய விலைகள் யாவும் சட்டத்தில் அளந்தறியத் தக்கவை. அளவைக் கருவிக்கு அகப்படாத விலை ஒன்றும் உண்டு. கல்நாரின் வரலாறு அதனைப் புலப்படுத்தும். கல்நார், கல்லாயிருந்தும் நாராகப் பிரிவது, எரியாதது, வலிமை மிக்கது, மலிவானது. அதன் மேலைநாட்டுப் பெயரே, ‘அணையாதது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். பேக்கலைட்டுப் பிசினில் கல்நாரைச் சேர்த்தால், வெப்பத்தைத் தாங்கும் அச்சுப்பொருள்களும் ஊர்தித் தடைகளின் உராய்வுப் பட்டைகளும் கிடைத்தன. வளைத்துப் பார்த்த சோதனையிலும், சுட்டுப் பார்த்த சோதனையிலும், விலைக்கணக்கிலும் அது தேறியது. ஆனால் அதனை உடைத்து நூற்றவர்களின் மூச்சைச் சோதித்துப் பார்த்தவர் அந்நாளில் மிகச் சிலரே.

இங்கிலாந்து நாட்டு ரோச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்னும் பெண்மணி, 1924-ஆம் ஆண்டில் தம் 33-ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக், அதனுள் கல்நார்த் துகள்கள் தங்கித் தசை தடித்திருத்தலைக் கண்டு, அவ்வாண்டிலேயே மருத்துவ இதழில் எழுதினார். 1930-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசினர்க்கு அளிக்கப்பட்ட அறிக்கை, ஆராயப்பட்ட கல்நார்த் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு அந்நோய் இருந்ததைத் தெரிவித்தது. 1931-ஆம் ஆண்டில் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன. நுரையீரற் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை, ரிச்சர்டு டால் என்னும் அறிஞர் 1955-ஆம் ஆண்டில் நிறுவினார். எனினும் பிரிட்டன் கல்நாரை முற்றும் விலக்கியது 1999-ஆம் ஆண்டிலேதான். முதல் எச்சரிக்கைக்கும் முழு விலக்கிற்கும் இடையே 75 ஆண்டுகள் கழிந்தன. நோய் மெல்ல முற்றுவது. பயனோ உடனே கண்முன் தெரிவது. அதனாலேயே மக்கள் பயனைக் கண்டனர்; நோயைக் காணத் தவறினர்.

ஆகவே இன்று ஒரு கற்பொடியைத் தேர்வோர், அதன் விறைப்பையும் வெப்பந்தாங்கும் ஆற்றலையும் மட்டும் நோக்குதல் போதாது. மாக்கல் வெட்டியெடுக்கப்படும் சில இடங்களில் கல்நாரும் உடன் கலந்திருப்பதுண்டு. ஆதலின் அதனைச் சோதித்தே கொள்ளல் வேண்டும். படிக மணற்சத்தின் நுண்தூசியும் நுரையீரலைக் கெடுப்பதாதலின், அரைக்கும் இடத்தில் தூசியை அடக்குதல் வேண்டும். நெகிழியினுள் இறுகிக் கிடக்கும் கல் கேடு செய்யாதிருக்கலாம். ஆயினும் அது அங்கே சேர்வதற்கு முன் ஒருவர் அதனை வெட்டினார், ஒருவர் அரைத்தார், ஒருவர் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார் என்பதனை மறத்தலாகாது.

அளவும் வடிவும் பிணைப்பும் அறிந்து கூட்டினால், மென்மையான மாக்கல்லும் எளிய களிமண்ணும் நெகிழிக்குத் துணையாகும். அவற்றை அறிந்து சொல்வது பொருளறிவு. அப்பொருளை ஆக்கும் கைகளுக்கும் மூச்சுக்கும் தீங்கு வராது காப்பது அருளறிவு. பொருளறிவும் அருளறிவும் கூடி ஆக்கிய பொருளே மக்களுக்கு நெடுநாள் நலம் பயக்கும்.